வினைமுற்றுக்குக் காத்திருந்த கபடி

உடைமரத்துவிளையில் ஒரே ஒரு ரைடு ஆவணியில் தொடங்கிக் கார்த்திகை மழை வரைக்கும் முடியாமல் நீண்டுகொண்டே போன அந்த வருஷத்தில்தான், அதே ஊரில், கபடி மைதானத்துக்கு எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்து ரூபாவதி எழுதிக்கொண்டிருந்த ஐந்தாவது நாவலும் ஒரே ஒரு வாக்கியம் முடியாமல் நின்றது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி ரூபாவதி, இன்னொருவர் அவள் புருஷன், மைக் செட் வாடகைக்கு விடும் தேவசகாயம்.

ரூபாவதி எழுத்தில் கெட்டிக்காரி. அவளுடைய நாலு நாவல்களில் எதையும் கடைசிப் பக்கத்தில் மூக்கைச் சிந்தாமல் மூடியவர்கள் கிடையாது. ஆனால் விளையாட்டு என்று வந்துவிட்டால் அவளுக்கு அடுப்பில் பால் பொங்குவதும் தெரியாது, அத்தியாயத்தில் ஆள் சாகக் கிடப்பதும் தெரியாது. கிரிக்கெட், ஃபுட்பால், டென்னிஸ் எல்லாம் போக, எங்கேயோ பனிப்பிரதேசத்தில் இரண்டு பேர் கல்லைத் தள்ளி விளையாடினால்கூட யாராவது ஒருவர் பக்கம் சேர்ந்துகொண்டு நகத்தைக் கடிப்பாள். முதல் நாவல் ஒரு உலகக் கோப்பையால் தள்ளிப்போனது, இரண்டாவது ஒரு ஒலிம்பிக்ஸால் தள்ளிப்போனது, மூன்றாவது நாவல் முழுக்க டெஸ்ட் மேட்ச்சின் தேநீர் இடைவேளைகளில் எழுதப்பட்டதால் அதில் வருகிறவர்கள் எல்லோரும் ஓயாமல் டீ குடித்தார்கள். அதைத் தனிமையின் குறியீடு என்று ஒரு விமர்சகர் பத்துப் பக்கம் எழுதினார். ரூபாவதி அதைப் படித்துவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

சென்னையில் புத்தகம் போடுகிற கலியபெருமாள் பொறுமைசாலி. ஆனாலும் மனுஷன்தானே. இந்தத் தடவை அவர் கெடு வைப்பதற்கு முன்னால் எல்லா விளையாட்டு அட்டவணைகளையும் மேஜையில் பரப்பி வைத்து, உலகத்தில் எந்த மூலையிலும் யாரும் எதற்காகவும் ஓடாத ஒரு வாரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த வாரத்தை அவளுக்குக் கொடுத்தார். உடைமரத்துவிளையின் கபடிப் போட்டி எந்த அட்டவணையிலும் இல்லை. அதுதான் வினையாகப் போனது.

இறுதி ஆட்டம் உடைமரத்துவிளைக்கும் பக்கத்து ஊர் கள்ளிவிளைக்கும். ரூபாவதி காதில் பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தில் இருந்தாள். நாற்பது வருஷம் தோணியில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்புகிற சேசடிமை என்கிற கிழவன் தன் வீட்டு வாசலுக்கு வருகிறான். படியைத் தொட நாலு விரற்கடை இருக்கும்போது செத்து விழ வேண்டும், அதுதான் திட்டம். 'படலைத் தள்ளி, முற்றத்தில் இறங்கி, தூசியில் முழங்கால் ஊன்றி, கையை நீட்டி,' என்று அவள் தட்டிக்கொண்டிருந்தபோது, பஞ்சையும் மீறிக்கொண்டு கீழே மைக்கில் தேவசகாயத்தின் குரல் கேட்டது. "ஒரே ஒரு பாயிண்ட்டுதான் பின்னால இருக்கோம். இதுதான் கடைசி ரைடு. பாடி வாரான் நம்ம இசக்கிராஜா!"

அதற்கப்புறம் யார் உட்காருவது. காற்புள்ளியோடு வாக்கியத்தை அப்படியே போட்டுவிட்டு அவள் படியில் இறங்கி ஓடினாள். பாதிப் படியில் கைபேசி அடித்தது, கலியபெருமாள்.

"மேடம், இன்னிக்குன்னு சொன்னீங்களே."

"இந்த ஒரு ரைடு முடியட்டும் சார். முடிஞ்ச உடனே அனுப்பிருதேன்."

"சத்தியமா?"

"இசக்கிராஜா மேல சத்தியம்," என்றாள். ஏதோ கோயில் சாமி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் போனை வைத்தார்.

இசக்கிராஜா சாமி இல்லை, சங்கு குளிக்கப் போகிற பையன். இருபத்தி நாலு வயசு. மற்றவர்கள் இரண்டு தடவை மேலே வந்து மூச்சு வாங்கும் நேரத்துக்கு அவன் கடலுக்கடியில் ஒரே மூச்சில் இருந்துவிட்டு வருவான். டிவியில் ஆடுகிற கபடிக்குத்தான் நொடிக் கணக்கு. உடைமரத்துவிளையில் இன்றைக்கும் மூச்சுதான் கணக்கு, மூச்சு நிற்கும் மட்டும் பாடலாம். அவன் நடுக்கோட்டைத் தாண்டிக் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு போனதும், கள்ளிவிளையின் ஏழு பேரும் கை கோத்துக்கொண்டு வளைத்ததும், தூசி கிளம்பியதும், தூசிக்குள் அவன் ஒரு சுற்றுச் சுற்றி யாரையோ தொட்டது போலவும் தொடாதது போலவும் தெரிந்ததும், பிறகு நடுக்கோட்டைப் பார்த்து முழங்கால் ஊன்றிக் கையை நீட்டியதும் எல்லோரும் பார்த்தார்கள். நீட்டிய கைக்கும் கோட்டுக்கும் நடுவே நாலு விரற்கடை. அதோடு நின்றது. அவன் பாடிக்கொண்டே இருந்தான், கை நீண்டே இருந்தது, பிடிக்க வந்தவர்கள் பிடிக்க வந்த நிலையிலேயே குனிந்திருந்தார்கள். பொழுது விழுந்தது, டியூப்லைட் போட்டார்கள். விடிந்தபோதும் அவன் பாடிக்கொண்டிருந்தான்.

நடுவர் தங்கப்பழம், பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார், விசிலை வாயில் வைத்தபடியே விதிப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மூச்சு விட்டானா? விடல. ஆள் புடிபட்டானா? படல. கோட்டத் தொட்டானா? தொடல. அப்ப ஆட்டம் நடக்குதுன்னு அர்த்தம்." சரி, நடக்கட்டும் என்று எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.

ஒரு வாரத்துக்குத்தான் அது அதிசயமாக இருந்தது. அப்புறம் ஊர் அதைச் சுற்றித் தன்னைச் சரிபண்ணிக்கொண்டது. இசக்கிராஜாவின் அம்மா பேச்சித்தாய் காலையில் கஞ்சியைக் கொண்டுவந்து மகன் வாயில் ஊற்றுவாள், கபடியும் கஞ்சியும் சேர்ந்து உள்ளே போகும், கபடி மட்டும் திரும்பி வெளியே வரும். கள்ளிவிளைக்காரர்கள் கோட்டை விட்டு வெளியேறினால் அவுட் என்பதால் அவர்கள் ஆடுகளத்துக்குள்ளேயே முறை வைத்துக் கொஞ்சம் குனிந்து நின்றார்கள், கொஞ்சம் உட்கார்ந்தார்கள், கொஞ்சம் படுத்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் முதல் பஸ்ஸில் தூக்குவாளியோடு வந்து இறங்கினார்கள். எதிரூர்க்காரிகளாக இறங்கிய அவர்கள் இரண்டே வாரத்தில் பேச்சித்தாய்க்கு மதினிமார் ஆனார்கள், யார் வீட்டு ரசம் யார் பிள்ளைக்குப் போகிறது என்பதே தெரியாமல் போனது. கண்டக்டர் அந்த நிறுத்தத்துக்கு உடைமரத்துவிளை என்று சொல்வதை விட்டுவிட்டுக் "கபடியெல்லாம் எறங்கு" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை அந்தத் தாளத்தில் ஒப்பித்தார்கள். தேவசகாயம் ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு மைக்கை நட்டுவைத்திருந்தார். ஒரு நாள் மின்சாரம் போய் மைக் அணைந்தபோது தொட்டிலில் தூங்கிய குழந்தைகள் ஒன்று விடாமல் விழித்துக்கொண்டு அழுதன. அதிலிருந்து பேட்டரியும் வைத்தார்.

காரணம் சொல்கிறவர்களும் இருந்தார்கள். கடலுக்கடியில் ஏதோ ஒரு வலம்புரிச் சங்கு அவனுக்கு மூச்சுக் கடன் கொடுத்ததாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அம்மனுக்கு நேர்ந்த கிடாயை வெட்டாமல் விட்டதுதான் என்று கோயில் பக்கம் பேசினார்கள். ரூபாவதி தினமும் மைதானத்துக்குப் போய், முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்து, முந்தைய அத்தியாயங்களைத் திருத்திக்கொண்டே ஆட்டம் பார்த்தாள். ஆட்டம் அசையாமல் நின்றாலும் அவளுக்குச் சலிக்கவே இல்லை. கள்ளிவிளைக்காரன் ஒருவன் இடது காலிலிருந்து வலது காலுக்கு எடையை மாற்றினால்கூடப் "பாத்தியளா, ஐடியா பண்ணுதான்" என்று பக்கத்தில் இருப்பவர்களை இடிப்பாள். எழுதிக்கொண்டே ஆட்டம் பார்க்கலாம், ஆட்டத்தால் எழுத்து கெடவில்லை, எழுத்தால் ஆட்டம் தவறவில்லை. இப்படி ஒரு காலம் தனக்கு வாய்க்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அந்த நாட்களில் அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள்.

புரட்டாசியில் ஒரு நாள் அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துப் பார்த்தாள். 'கையை நீட்டி,' என்பதற்குப் பின்னால் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. சும்மா, கை பழக்கத்தில், 'முதுகைச் சற்று நிமிர்த்தி,' என்று சேர்த்தாள். கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், இத்தனை நாளும் வளைந்திருந்த இசக்கிராஜாவின் முதுகு நிமிர்ந்திருந்தது. சோதித்துப் பார்க்க அவள் 'கண்ணை ஒரு முறை மூடித் திறந்து,' என்று எழுதினாள். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

வீட்டுக்குப் போய் தேவசகாயத்திடம் மட்டும் சொன்னாள். அவர் ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "இலக்கணம்தான்," என்றார். "வந்து, போயி, நின்னு, நீட்டின்னு எச்சமாவே விட்டுட்டு வந்துட்ட. வினைமுற்று வராம வாக்கியம் எப்பிடி முடியும்? அவன் எப்பிடி வீட்டுக்கு வருவான்?"

"என் வினைமுற்று 'சரிந்தான்'யா. கிழவன் படியத் தொடாமச் சரியணும். நாலு அத்தியாயம் அதுக்குத்தான் கட்டியிருக்கேன். அத எழுதுனா இந்தப் பையன் கோட்டுக்கு இந்தப் பக்கமே சரிஞ்சிருவான்."

"அப்ப 'தொட்டான்'னு எழுது."

"அது பொய்யில்லயா? நாப்பது வருஷம் வீட்ட நெனைக்காதவன் வந்ததும் படியத் தொட்டுருவானா? படிக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?" குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். "அதோட, முடிச்சா ஆட்டம் முடிஞ்சிரும்."

தேவசகாயம் ஸ்பீக்கரைத் திரும்ப மூட்டினார். "ரெண்டாவது சொன்னதுதான் நெசம்," என்றார்.

அது நெசம்தான். அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது. பேச்சித்தாய் கஞ்சி ஊற்றும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

ஐப்பசியில் கலியபெருமாள் பொறுமை தீர்ந்து, ரயிலேறி, பஸ் மாறி, கையோடு நாவலை வாங்கிக்கொண்டுதான் போவது என்ற வைராக்கியத்தோடு வந்து இறங்கினார். மைதானத்தில் அவளைக் கண்டுபிடித்தார்.

"மேடம், புத்தகக் கண்காட்சிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். கதை எங்க?"

"நான் சொன்னபடிதான் சார் இருக்கேன். ரைடு முடியல பாருங்க."

அவர் பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். யாரோ டீ கொடுத்தார்கள். "புடிக்கிறவன் கை ஏன் இவ்ளோ கீழ இருக்கு?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர் விளக்கம் சொன்னார். சாயங்காலம் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கள்ளிவிளை மதினிமாரோடு இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத் திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை, மற்ற எழுத்தாளர்களின் மெய்ப்புகளையெல்லாம் தபாலில் வரவழைத்து மைதானத்திலேயே திருத்த ஆரம்பித்தார்.

பிறகு தூறல் விழ ஆரம்பித்தது. முதல் தூறலில் நடுக்கோடு மங்கியதைப் பேச்சித்தாய்தான் கவனித்தாள். சுண்ணாம்புக்கோடு அழிந்துவிட்டால் பிள்ளை வந்து எதைத் தொடுவான்? அவள் வீட்டுக்கு ஓடிக் கோலமாவை எடுத்துவந்து கோட்டை இழுத்தாள். மறுநாள் இன்னொருத்தி இழுத்தாள். அதற்கப்புறம் தெருவாரியாக முறை வைத்துக்கொண்டார்கள், கள்ளிவிளைக்காரிகளும் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை ஒருத்தி ஆசையாகக் கோட்டின் இரண்டு முனையிலும் தாமரைப் பூ போட்டுவிட்டாள். தங்கப்பழம் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஏம்மா, கோடு கோடாத்தான் இருக்கணும். பூவத் தொட்டா கோட்டத் தொட்டதா, பூவத் தொட்டதா? நான் என்ன தீர்ப்பு சொல்லுவேன்?" என்று கத்தினார். பூவை அழித்தார்கள், மனசில்லாமல்.

கார்த்திகையில் கடலில் புயல் சின்னம் என்றார்கள். ஒரு மத்தியானம் வானம் இருண்டு, மழை பிடித்தது. தூறல் இல்லை, கொட்டுகிற மழை. தார்ப்பாய் கட்டினார்கள், காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது. பெண்கள் மாவைப் போடப் போட மழை கரைத்துக்கொண்டு போனது. மாடியில் ஜன்னலோரத்தில் நின்ற ரூபாவதிக்கு மைக் வழியாக அந்தக் குரல் கேட்டது. "கபடி கபடி" என்பதன் நடுவே முதல் தடவையாக ஒரு நடுக்கம் இருந்தது.

படியில் காலடிச் சத்தம். பேச்சித்தாய் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"யக்கா, மாவு இருந்தாக் குடுங்கக்கா. எங்க தெருவுல தீந்து போச்சி."

ரூபாவதி அரிசிமாவு டப்பாவையே எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு பேச்சித்தாய் உடனே போகவில்லை.

"பாயிண்டு வரணும்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்கு பாயிண்டும் வேண்டாம், கப்பும் வேண்டாம். தோத்துட்டே வரட்டும். வந்து கோட்டத் தொட்டுட்டு வீட்டுக்கு வந்தாப் போதும்க்கா." முந்தானையால் டப்பாவை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ரூபாவதி உட்கார்ந்துவிட்டாள். சேசடிமைக்கும் ஒரு அம்மா இருந்தாள், இரண்டாம் அத்தியாயத்தில், நாலே வரியில். அந்த நாலு வரியிலும் அவள் வாசற்படியைக் கழுவிக்கொண்டுதான் இருந்தாள். ஏன் கழுவுகிறாள் என்று எழுதியவளே ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள். தினமும் ஒருத்தி கழுவிக் கோலம் போட்டு வைத்த படியைத் தொட ஒருவன் வருவது பொய் இல்லை, தொடாமல் சரிவதுதான் தான் கெட்டிக்காரத்தனத்துக்காகச் செய்யவிருந்த பொய் என்று அவளுக்குப் பட்டது. கூடவே, ஆட்டம் முடியப்போகிறதே, அதுவும் நாம் தோற்று முடியப்போகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தூசிக்குள் அவன் யாரையும் தொட்டதை யாரும் பார்க்கவில்லை. வெறுங்கையோடு கோட்டைத் தொட்டால் கப்பு கள்ளிவிளைக்குத்தான். ஒரு நிமிஷம் அவள் 'எல்லோரையும் வென்று' என்று ஒரு எச்சத்தை நுழைத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். சேசடிமை யாரை வென்றான், அவன் பாவம், வீட்டுக்குத்தானே வருகிறான். நுழைக்கவில்லை.

'...கையை நீட்டி, முதுகைச் சற்று நிமிர்த்தி, கண்ணை ஒரு முறை மூடித் திறந்து, அம்மா கழுவி வைத்திருந்த ஈரப்படியைத் தொட்டான்.'

ஊர் முதலில் கேட்டது அமைதியைத்தான். மைக்கில் மழைச் சத்தம் மட்டும் வந்தது. தொட்டிலில் இருந்த குழந்தைகள் விழித்தன, டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது, பஸ் நடுரோட்டில் நிற்க, கண்டக்டர் இறங்கி ஓடிவந்தார். ரூபாவதி படியிறங்கி ஓடினாள். இசக்கிராஜா வயிறு தரையில் படக் குப்புறக் கிடந்தான், நீட்டிய கையின் விரல்கள் பேச்சித்தாய் அப்போதுதான் கொட்டிய மாவில் புதைந்திருந்தன. அவன் மூச்சு வாங்கினான். அந்த மூச்சை அத்தனை பேரும் அவனோடு சேர்ந்து வாங்கினார்கள். பேச்சித்தாய் மகன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தங்கப்பழம் விசிலை ஊதினார், விசிலிலிருந்து தண்ணீர்தான் வந்தது. அதை உதறிவிட்டுக் குனிந்தார்.

"ஏல, யாரயாவது தொட்டியா?"

மூன்று மாதமாக ஒரே சொல்லைச் சொன்ன வாய்க்கு வேறு சொல் வரக் கொஞ்ச நேரமாயிற்று. "தெரியலயே சார்," என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

உடைமரத்துவிளைக்காரர்கள் தலையைத் தொங்கப்போட்டார்கள். ஒரே ஒரு பாயிண்ட். தங்கப்பழம் கள்ளிவிளைப் பக்கம் திரும்பினார். கபடியில் ஒரு வழக்கம் உண்டு, தொடப்பட்டவன் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியே போக வேண்டும். அதை நடுவர் கேட்க மாட்டார், பார்ப்பார்.

கள்ளிவிளையின் கேப்டன் சுடலைமணி மழைத் தண்ணீரை முகத்திலிருந்து வழித்துவிட்டுக்கொண்டு கையைத் தூக்கினான். "என்னத் தொட்டுட்டான் சார்."

"இல்ல சார், என்னத்தான் தொட்டான்," என்று பக்கத்தில் நின்றவன் தூக்கினான்.

அடுத்தவனும் தூக்கினான். இத்தனை மாதம் இசக்கிராஜாவுக்கு மூன்று முழத் தூரத்தில் நின்று, அவன் குரலில் தூங்கி, அவன் அம்மா போட்ட சோற்றைத் தின்ற ஏழு பேரின் ஏழு கைகளும் மழையில் உயர்ந்து நின்றன. கோட்டுக்கு வெளியே நின்ற கள்ளிவிளை அம்மாக்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஏழு பேரயுமா?" என்றார் தங்கப்பழம். "எப்பம்ல தொட்டான்?"

"எப்பமோ தொட்டுட்டான் சார். நீங்க எழுதிக்கிடுங்க," என்றான் சுடலைமணி. ஏழு பேரும் வரிசையாகக் களத்தை விட்டு வெளியேறினார்கள்.

கலியபெருமாள் நனைந்த வேட்டியோடு குதித்துக்கொண்டிருந்தார், எந்த ஊருக்காகக் குதிக்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேவசகாயம் மனைவியிடம் வந்தார். நாலு நாவலால் ஊரையெல்லாம் அழவைத்தவள் மூக்கும் கண்ணும் சிவக்க நின்று அழுதுகொண்டிருந்தாள். அவர் அவள் காதருகே குனிந்து கேட்டார்.

"ஏட்டி, அந்த ஏழு கையும் நீ எழுதுனதா?"

"இல்லய்யா," என்றாள் ரூபாவதி. "நான் கிழவன வீட்டுக்குத்தான் கொண்டாந்தேன். அத அந்தப் பயலுவளே எழுதிக்கிட்டானுவ."